குடிசை இருந்த பத்து சென்ட்

அந்தக் கடைசி வரியை நான் வாய்விட்டுப் படித்தேனா, இல்லையா? ஆறு வருஷமாக யோசித்தும் தெரியவில்லை.

சாலைக் கடைவீதியில் எங்களுக்கு அரிசி மொத்த வியாபாரம். கடைமுன் ஒரு லாரி நின்றால் தெருவே அடைத்துக்கொள்ளும். ஊருக்கு வெளியே குடோன் கட்டலாம் என்று என் கணவர், கரமனை தாண்டிப் பஞ்சாயத்து எல்லைக்குள் ஒரு தென்னந்தோப்பை வாங்கினார். அதன் ரோட்டோர முனையில் ஓலைக் குடிசை ஒன்று இருந்தது. தோப்பை விற்றவர் காலத்திலிருந்தே அதில் ஒருத்தி குடியிருந்தாள். புருஷன் இறந்துவிட்டான், இடுப்பில் ஒரு கைக்குழந்தை. கிட்டத்தட்ட என் வயதுதான். என் மகளுக்கும் அப்போது எட்டு மாதம்.

நிலச் சட்டம் மாறியிருந்த சமயம் அது. பிறர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்கிறவர்கள், பஞ்சாயத்துப் பகுதியானால் பத்து சென்ட் வரை தங்கள் பேருக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று மலையாளப் பத்திரிகையில் போட்டிருந்தது. அதைக் கணவருக்குப் படித்துச் சொன்னதே நான்தான். அவர் நாகர்கோவிலில் தமிழில் படித்தவர். நான் இங்கேயே மலையாளப் பள்ளியில் படித்தவள்.

"ரோட்டு முகப்புல பத்து சென்ட் போச்சுன்னா லாரி எங்க திரும்பும்? ஆகாசத்துலயா?" என்றார். பிறகு, "நீ படிச்சவல்லா, ஒரு கடுதாசி எழுது. அவ நமக்குக் காவல் வேலை பாக்கா, அதுக்காகக் குடிசை குடுத்திருக்கோம்னு."

"நாம வாங்குறதுக்கு முன்னாலயே அவ இருக்காளே?"

"இப்ப அவளப் போகச் சொன்னது யாரு? ஒரு கடுதாசிக்கு இவ்வளவு கேள்வியா?"

எழுதினேன். கேட்கும்போது குடிசையைக் காலிசெய்து தருகிறேன் என்று கடைசியில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். அதையும் எழுதினேன்.

மறுநாள் மாலை மூவருமாகத் தோப்புக்குப் போனோம். அவள் என் மகளின் தொடையைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள். "அரிசிக்கடை மோளல்லே, சாக்கு மாதிரி இருக்குது!"

நான் கடிதத்தைப் படிக்கத் தொடங்கினேன். பாதியில் என் மகள் வீறிட்டு அழுதாள். அவளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே படித்தேன். முடித்தேன் என்றுதான் நினைவு. கணவர் மைப்பெட்டியை நீட்டினார்.

"சேச்சி எழுதினதல்லே, பின்னே எனக்கென்ன பயம்?" என்று சொல்லி அவள் கட்டைவிரலை வைத்தாள்.

மழைக்காலம் முடிந்ததும் கணவர் ஆள் அனுப்பிக் குடிசையைக் காலிசெய்யச் சொன்னார். அவள் நேரே என்னிடம் வந்தாள்.

"சேச்சி, அங்ஙனே ஒண்ணும் அன்னு வாயிச்சில்லல்லோ?" அன்றைக்கு நான் அப்படி எதுவும் படிக்கவில்லையே என்று கேட்டாள்.

"கடைசில இருந்துதே," என்றேன். கணவர் உள்ளே இருந்தார்.

அவள் சண்டை போடவில்லை. "நான் சரியா கேட்டிருக்க மாட்டேன்," என்று தன்னையே நொந்துகொண்டு போனாள். அரை மூட்டை அரிசி கொடுத்தனுப்பினோம். குடிசையைப் பிரித்த இடத்தில் சரளை பரப்பினார்கள். குடோனும் வந்தது.

போன மாதம் கிழக்கேகோட்டை பஸ் நிறுத்தத்தில் அவளைப் பார்த்தேன். ரயில் பாதையோரம் புறம்போக்கில் இருக்கிறாளாம். அங்கிருந்தும் ஒழியச் சொல்கிறார்களாம். "மோளு ஸ்கூல்ல போகுந்நுண்டோ?" என்று என் மகளைத்தான் விசாரித்தாள். அவள் மகளைப் பற்றி நான் கேட்கவேயில்லை என்பது பஸ் ஏறிய பிறகுதான் உறைத்தது.

அந்தப் பத்து சென்ட் தனக்குரியது என்பதே அவளுக்கு இன்னும் தெரியாது. நான் போய்ச் சொன்னால் வழக்கு வரும். என் கையெழுத்திலுள்ள கடிதத்தை என் கணவரே எடுத்துக் காட்டுவார். அவருக்கு எதிராக நான் சாட்சி சொல்ல வேண்டியிருக்கும். அப்புறம் இந்த வீட்டில் என் நிலைமை என்ன? சொல்லாமலிருந்தால் அவள் இருக்கிற இடத்தையும் இழப்பாள்.

இதைப் படிப்பவர்களில் சட்டம் தெரிந்தவர்கள் இருந்தால், கைநாட்டு வைத்துக் காலிசெய்தவள் இத்தனை வருஷத்துக்குப் பிறகும் உரிமை கேட்க முடியுமா என்று எழுதுங்கள். சட்டம் தெரியாதவர்களும், குறிப்பாகக் குழந்தை வைத்திருக்கும் பெண்கள், என் இடத்தில் இருந்தால் அவளிடம் போய்ச் சொல்வீர்களா என்று எழுதுங்கள்.