அக்கா லினக்ஸ் போட்ட கதை

அப்பா குமாஸ்தாவாக இருந்த கப்பல் கம்பெனியில் பழைய ஒர்க்ஸ்டேஷன் ஒன்றைக் கழித்துவிட்டார்கள். அதைச் சல்லிசாக வாங்கி ஆட்டோவில் ஏற்றி அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. சாதாரணக் கம்ப்யூட்டரா அது? இரண்டு ஆள் சேர்ந்து தூக்க வேண்டிய கனம். உள்ளே இரண்டு ப்ராசஸர் இருப்பதாக அக்கா சொன்னாள். என் வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் ஒன்றுகூடக் கிடையாது, எங்கள் வீட்டில் ஒரே பெட்டிக்குள் இரண்டு! மறுநாள் பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை கட்டிப்போனது.

அக்கா அப்போது கம்ப்யூட்டர் சயின்ஸ் முதலாண்டு. சொந்தமாக மிஷின் இல்லாமல் காலேஜ் லேபில் வரிசையில் நின்றவள். அவளுக்காகத்தான் அப்பா வாங்கினார். ஆனால் செய்தி பெரியப்பா காதுக்கு எட்டிவிட்டது. அவருக்கு உப்பள வியாபாரம். விண்டோஸ் போட்டு ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத் தன் ஆபீசுக்கு அனுப்பிவிடும்படி போனில் சொன்னார். பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு இத்தனை பெரிய பெட்டி என்றும் கேட்டாராம். அண்ணன் சொல்லுக்கு மறுபேச்சு பேசி அறியாத அப்பா, சரி என்று போனை வைத்தார். அக்கா யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பிறகு ஒரு சாயங்காலம் என்ன தோன்றியதோ, விண்டோஸுக்குப் பதிலாகக் காசில்லாமல் போட்டுக்கொள்ளும் லினக்ஸ் சிடியைத் தோழியிடமிருந்து வாங்கிக்கொண்டு உற்சாகமாக வந்தாள். நான் விண்டோஸ் கட்சி. சிநேகிதி கொடுத்த கார் ரேஸ் சிடி அதில்தான் ஓடும். அழுதேன், காலைப் பிடித்தேன். பழைய மிஷினுக்கு லினக்ஸ்தான் பறக்கும் என்று சொல்லி அதையே போட்டாள். பெட்டிக்குள் காற்றாடிகள் உறும, திரை பளிச்சென்று எரிந்ததும் நான் கட்சியை மறந்து குதித்தேன். பென்குயின் ஒன்று பனிமலையில் சறுக்கும் விளையாட்டு அதிலேயே இருந்தது. கார் யாருக்கு வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு பெரியப்பா தன் பில்லிங் சிடியுடன் வந்தார். வெள்ளைச் சட்டை, கக்கத்தில் வேதாகமம். சபையில் கமிட்டி மெம்பர் அவர், காணிக்கை எண்ணுவதும் அவர்தான். சிடியைப் போட்டால் ஒன்றும் நடக்கவில்லை.

"என்னளா இது, ஏறவே மாட்டேங்கு?"

"இது லினக்ஸ் பெரியப்பா. அது விண்டோஸ்லதான் ஓடும்."

"அப்பம் விண்டோஸ் போட்டுக் குடு."

அக்கா தலையைக் குனிந்துகொண்டு மிக அடக்கமாகக் கேட்டாள். "காசு குடுத்து வாங்குற விண்டோஸ் போடவா, திருட்டு விண்டோஸ் போடவா பெரியப்பா?"

பெரியப்பா வேதாகமத்தை ஒரு கக்கத்திலிருந்து மறு கக்கத்துக்கு மாற்றினார். காசு கொடுக்கவும் மனமில்லை, திருட்டுக்குச் சரி சொல்லவும் வாய் வரவில்லை. காபியைக் குடித்துவிட்டு, ஆபீசுக்கு வேறு பார்த்துக்கொள்வதாகச் சொல்லி எழுந்து போனார்.

எனக்குத் துக்கம் பொங்கியது. என் பேச்சைக் கேட்டிருந்தால் இந்த அவமானம் உண்டா? பெரியப்பாவே வேண்டாம் என்று விட்டுப்போன கம்ப்யூட்டர்! ஆறுதல் சொல்லலாம் என்று உள்ளே போனால், அக்கா தலையணையில் முகம் புதைத்துக் குலுங்கிக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய், பண்டிகை நாளில்கூட யோசித்து வாங்குகிறவர், ஒரு பெட்டி மக்ரூன் வாங்கிவந்து முதலில் அவளுக்குக் கொடுத்தார். தோற்றுப்போனவளுக்கு எதற்கு இனிப்பு என்று விசும்பிக்கொண்டே கேட்டேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எனக்கும் ஒன்று நீட்டினார்.