உத்தரத்தில் தொங்கும் வெல்லம்

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு நோன்பு மாசத்தில், ஆம்பூருக்குப் பக்கத்தில் நான் வேலை செய்கிற, தோல் பதனிடும் ஷாப்பில், சுண்ணாம்புத் தொட்டி ஓரத்திலேயே என் கதை முடிந்திருக்க வேண்டியது. முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குச் சின்ன வயசிலிருந்தே எதற்கெடுத்தாலும் பயம். மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதுகூட வாத்தியாருக்குப் பயந்துதான். அப்படிப்பட்டவனுக்குச் சர்க்கரை வியாதி வந்தால் கேட்க வேண்டுமா? சிறுநீர் விட்ட இடத்தில் எறும்பு மொய்ப்பதைப் பார்த்து வைத்தியர் இன்ன வியாதி என்று சொன்ன மறுநாளே ஷாப்பு முழுக்கச் சொல்லிவிட்டேன். நான் இனிப்பைத் தொட்டால் தட்டி விடுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் கெஞ்சினேன். என்னோடு தொட்டியில் இறங்கி, சுண்ணாம்பில் ஊறின தோலை இழுக்கிற தோஸ்த் ஒருவன், குடியாத்தத்துக்காரன், அவனிடம் தலையில் அடித்துச் சத்தியமே வாங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து எந்தக் கல்யாணப் பந்தியிலும் என் இலைக்குப் பாயசம் வந்ததில்லை. அவன் கை குறுக்கே வந்துவிடும்.

அப்போது நான் ஆவாரம்பூ கஷாயம் குடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஷாப்பில் தோல் பதம் போடுவதும் ஆவாரம்பட்டையில்தான். "ஆட்டுத் தோலுக்கும் உனக்கும் ஒரே மருந்துதான் மச்சான். பதம் போட்ட தோலோட உன்னையும் எப்போ மூட்டை கட்டி மெட்ராஸுக்கு அனுப்பப் போறாங்க?" என்று தோஸ்த் கிண்டல் செய்வான்.

கஷாயத்துக்கு வியாதி அடங்கவில்லை. ஆள் பாதியாக இளைத்து, கடைசியில் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே டாக்டரம்மா, சீமையிலிருந்து கப்பலில் வருகிற ஊசி மருந்தைத் தினமும் காலையில் தொடையில் போட்டுக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தார். ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் உடம்பில் சர்க்கரை அளவுக்கு மேல் இறங்கிவிடும், அதனால் வேளை தவறாமல் சாப்பிட வேண்டும், மடியில் எப்போதும் ஒரு துண்டு வெல்லம் இருக்க வேண்டும், வியர்த்துக் கை நடுங்கினால் அதை உடனே வாயில் போட வேண்டும் என்றார். ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்து, கூட வேலை செய்கிறவர்களிடம் எல்லாவற்றையும் சொல்லி வையுங்கள் என்றார்.

அதை மட்டும் செய்யவில்லை. எங்கள் மேஸ்திரி பாய் யாரையும் அடித்ததில்லை, திட்டினதும் கம்மி. ஆனால் அவர் ஒரு பார்வை பார்த்தால் எனக்குக் கை ஓடாது. ஊசியில் உயிர் வாழ்கிறவனுக்குத் தொட்டியில் என்ன வேலை, வீட்டுக்குப் போ என்று சொல்லிவிட்டால்? வீட்டில் என் கையை நம்பி மனைவியும் இரண்டு பெண்களும் இருந்தார்கள். வியாதியை ஊருக்கெல்லாம் சொன்னவன், ஊசியையும் வெல்லத்தையும் மறைத்துவிட்டேன்.

அன்றைக்கு நல்ல வெயில். காலையில் ஊசி போட்டுக்கொண்டு, அவசரத்தில் அரை வயிறு கஞ்சியோடு வந்திருந்தேன். மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்தது. மற்றவர்கள் பட்டைக் குவியலுக்குப் பின்னால் போய்ச் சோற்றுத் தூக்கைத் திறந்தார்கள். நான் கிளம்பப் பார்த்தால், தொட்டி ஓரத்திலேயே மேஸ்திரி, தலையில் ஈரத்துண்டோடு நிற்கிறார். நோன்பு பிடித்து, விடிவதற்கு முன்னாலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லாத மனுஷன். அவர் கண் முன்னால் நான் சோற்றுக்கு ஓடுவதா? அவர் அந்தப் பக்கம் நகரட்டும் என்று தோலை இழுத்துக்கொண்டே நின்றேன். அவர் நகரவில்லை. சாப்பிட்டவர்கள் திரும்பியும் வந்துவிட்டார்கள்.

முதலில் கை நடுங்கியது. பிறகு சட்டையெல்லாம் வேர்வை. டாக்டரம்மா சொன்னது ஞாபகம் வந்து தொட்டியை விட்டு ஏறி மடியிலிருந்து வெல்லத்தை எடுத்தேன். தோஸ்த் பார்த்துவிட்டான்.

"டேய்! எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டு நீ திருட்டுத்தனமா திங்கறியா?"

ஓங்கித் தட்டினான். வெல்லம் சுண்ணாம்புத் தண்ணீரில் விழுந்தது. விஷயத்தைச் சொல்ல வாயைத் திறந்தேன், நாக்கு புரளவில்லை. "வெல்லம்... வெல்லம்..." அவ்வளவுதான் வந்தது.

"பாரேன், இன்னும் வெல்லந்தான் கேக்கறான்!" என்று அவன் சிரிக்க, இன்னும் நாலு பேர் சிரித்தார்கள். நான் தொட்டி ஓரத்திலேயே சரிந்து விழுந்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் தோஸ்த் பின்னால் அழுதுகொண்டே எனக்குச் சொன்னது. காலையிலேயே சாராயம் ஊற்றிக்கொண்டு வந்துவிட்டான் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். தோஸ்த் என் வாயை மோந்து பார்த்து, வாடையே இல்லை என்று சண்டை போட்டிருக்கிறான். மேஸ்திரி ஓடி வந்து, புட்டி கிட்டி இருக்கிறதா என்று என் மடியைத் தடவினதில் சீட்டு கிடைத்தது. அவருக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. குமாஸ்தாவைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார். 'இவர் சர்க்கரை வியாதிக்கு ஊசி போட்டுக்கொள்கிறவர். உளறினாலோ விழுந்தாலோ உடனே சர்க்கரை கொடுக்கவும்.'

ஒருவரும் நம்பவில்லையாம். "கொடுக்கக் கூடாதுன்னு எழுத வந்து தப்பா எழுதிட்டாங்க போல" என்றாராம் குமாஸ்தாவே. "குடுக்காதீங்க பாய், செத்துடுவான்!" என்று தோஸ்த் குறுக்கே விழுந்தானாம்.

"இன்னொரு தபா படி" என்றார் மேஸ்திரி. குமாஸ்தா படித்தார். "அவ்ளோ படிச்ச அம்மா ஒரு உசுரு விஷயத்துல தப்பா எழுதுவாங்களா? எது வந்தாலும் எம்மேல. தள்ளு" என்று தோஸ்தை விலக்கிவிட்டார் மேஸ்திரி.

சாயந்திரம் நோன்பு திறக்கும்போது சர்பத் கலக்க அவர் கட்டி வைத்திருந்த சர்க்கரைப் பொட்டலத்தைப் பிரித்து, தம்ளரில் கொட்டி, கையாலேயே கரைத்தார். எனக்கு விழுங்க மட்டும் தெம்பு இருந்தது. தலையை மடியில் தூக்கி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார்.

கண் தெளிந்தபோது நான் முதலில் பார்த்தது அவர் கையை. விரல் எல்லாம் சர்க்கரைப் பாகு. நாக்கு வறண்டு நிற்கிற மனுஷன், விரலை வாய்ப்பக்கம்கூடக் கொண்டுபோகாமல் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்.

"இன்னாத்துக்குப்பா சாப்பிடல?"

"நீங்க நோன்பு பாய். உங்க முன்னால எப்படி..."

"நான் அல்லாவுக்காக இருக்கேன். நீ யாருக்காக இருந்த?"

"உங்களுக்குப் பயந்து பாய்" என்றேன். தோஸ்த் அழுகையோடே சிரித்துவிட்டான். மேஸ்திரியும் சிரித்தார். அவர் பல்லை அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்தத் தைரியத்தில் ஊசி விஷயம், வேலை போய்விடும் என்ற பயம், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் சீட்டை மடித்து எடுத்துக்கொண்டு எழுந்து போனார். போச்சு என்று நினைத்தேன். ராத்திரி தூக்கமே இல்லை.

மறுநாள் கூப்பிட்டார். "சுண்ணாம்புல இனிமே எறங்காத. கால்ல புண்ணு வந்தா உனக்கு ஆறாதாமே, சீட்டுல கீழ எழுதியிருக்குதாம்." காய்ந்த தோலைத் தரம் பிரிக்கிற கொட்டகைக்கு என்னை மாற்றிவிட்டார். அந்த நோன்பு முடிகிற வரைக்கும் மத்தியான மணி அடித்ததும் நேரே என்னிடம் வந்து, "தூக்கைத் தொற" என்பார். நான் நாலு வாய் சாப்பிடுகிற வரைக்கும், காய்ந்த உதட்டோடு, நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்.

தோஸ்த் இரண்டு நாள் வெட்கப்பட்டு என் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் மூடி போட்ட ஒரு டப்பாவில் வெல்லம் கொண்டுவந்து, கொட்டகை உத்தரத்தில் கம்பி கட்டித் தொங்கவிட்டான். எறும்பு இறங்காமல் கம்பியில் மண்ணெண்ணெய்த் துணி சுற்றினான். "இப்போ புதுச் சத்தியம் மச்சான். நீ உளறினா வாயப் பொளந்து திணிச்சிடுவேன்."

அந்த டப்பா இன்னும் தொங்குகிறது. அதற்கப்புறம் நாலு தடவை எனக்கு அது வேண்டியிருந்தது. எங்கள் ஷாப்பில் காலைக் கஞ்சி இல்லாமலே வேலைக்கு வருகிறவர்கள் உண்டு. டப்பாவோ எல்லோருக்கும் கை எட்டுகிற உயரம்தான். ஆனாலும் என்னைத் தவிர ஒருவர்கூட அதிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்ததில்லை. பயம் என்னை விட்டு இன்னும் போகவில்லை, ஆனால் அது வருகிறபோதெல்லாம் தலையைத் தூக்கி அந்த டப்பாவைப் பார்க்கிறேன். பாதியைச் சொல்லி மீதியை மறைத்த என்னை இத்தனை பேர் முழுசாகத் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள் என்று நெஞ்சு நிறைந்துவிடுகிறது.