சுருட்டு நோன்பை முறிக்காதாம்

1991 தை மாதம். குருநகர்க் கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்த என் கணவர் மாட்டீன் நெஞ்சைப் பிடித்தபடி மணலில் சாய்ந்தார். மாரடைப்பு. பெட்ரோல் இல்லாத காலம். சைக்கிளில் இருத்தித் தள்ளிக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். உயிர் தப்பியது.

டொக்டர் என்னைக் கூப்பிட்டார். "அம்மா, இவருக்குச் சீனி வருத்தம், பிரஷர், அதோடை சுருட்டும். கவனிக்காட்டி இதயம் களைச்சுப்போகும். காலிலை நீர் இறங்கும். இன்னொரு அடைப்பும் வரலாம். மருந்துக் குளிசையை விடக்கூடாது, சுருட்டை விடவேணும்."

இவரோ கட்டிலில் கிடந்தபடியே அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்துவிட்டார். பிழைத்தால் தவக்காலம் நாற்பது நாளும் பொழுதுபடும்வரை பட்டினி! தவக்காலம் வந்தது. சோறும் இல்லை, குளிசையும் இல்லை. சுருட்டு மட்டும் வாயை விட்டு இறங்கவில்லை.

"சுருட்டு சாப்பாடே? அது நோன்பை முறிக்காது" என்று எனக்கே சட்டம் பேசினார்.

கால்கள் வீங்கின. படுத்தால் மூச்சு முட்டியது. அயலவர்கள், "தலையெழுத்து, றீற்றா. நேர்த்தியை முறிச்சாக் குற்றம்" என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுதினவரிடமே கேட்கிறேன் என்று அந்தோனியார் கோயிலுக்கு ஓடினேன். முதலில் அழுதேன். பிறகு சத்தமாகவே கேட்டேன்.

"அந்தோனியாரே, இவரின்ரை பட்டினி உமக்கு என்னத்துக்கு? எனக்கு என்ரை மனுசன் வேணும். வழி காட்டாமல் நான் இதிலையிருந்து எழும்பமாட்டன்!"

பின்னால் பங்குச் சுவாமியார் நின்றார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். என்னோடு நேரே வீட்டுக்கு வந்தார்.

"மாட்டீன், நேர்த்தியை மாத்திற அதிகாரம் எனக்கு இருக்கு. பட்டினி வேண்டாம். குளிசையைப் போடும். பதிலுக்குச் சுருட்டைக் காணிக்கையாத் தாரும்."

"சுவாமி, பட்டினி லேசு" என்று இவர் முனகினார்.

"ஓம், அதுதான் மற்றதைக் கேட்கிறன்."

அன்றே மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நீர் வற்றியது, மூச்சு வந்தது. வீட்டில் இருந்த சுருட்டுக் கட்டு முழுவதையும் நானே அந்தோனியாரின் காலடியில் வைத்தேன். கோயிலே மணக்குது என்று சிலர் முகம் சுளித்தார்கள். மணக்கட்டும்!

இது 1994. கருவாடு விற்கிற நான், டொக்டர் சொன்னபடி வீட்டில் உப்பைக் கண்ணில் காட்டுவதில்லை. இவர் என்னைத் திட்டித் திட்டிச் சாப்பிடுகிறார். திட்டுவதற்கு உயிரோடு இருக்கிறாரே, ஆண்டவருக்கு நன்றி.

சகோதரங்களே, நீங்களும் நம்பிக் கேளுங்கள். பணிந்து கேட்க முடியாவிட்டால் சண்டை பிடித்துக் கேளுங்கள், அவர் கோபிக்கமாட்டார். குளிசையை மட்டும் நிறுத்தாதீர்கள். இதற்குமேல் எழுத நேரமில்லை. இவர் வாசலில் நின்று சத்தம் போடுகிறார், பூசைக்கு நான்தான் சுணங்குகிறேனாம்.