நாடாப்புழுவும் நானூறு கபாபும்

கண்டிக்குப் பக்கத்தில் எங்கள் அக்குறணையில் கபாப் என்றால் என் கைதான். இதை நானே சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. கல்யாணத்துக்கும், குர்ஆன் ஓதும் கத்தத்துக்கும் வீட்டிலிருந்தே செய்து கொடுக்கிறேன். உப்பும் மிளகும் போட்டுப் பிசைந்த பச்சை மாட்டிறைச்சியில் ஒரு கிள்ளு எடுத்து வாயில் போட்டு உப்புப் பார்ப்பேன். பொரித்த பிறகு பார்த்து என்ன பிரயோசனம்? துப்புவதும் இல்லை, விழுங்கிவிடுவேன். இருபது வருடமாக இப்படித்தான்.

ஒருநாள் காலை என் உடுப்பில் வெள்ளையாக, தட்டையாக ஒரு துண்டு கிடந்தது. பூசணி விதையளவு இருக்கும். உற்றுப் பார்த்தேன், நெளிந்தது.

கணவரைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. கபாப்காரியின் வயிற்றில் புழு என்று ஒருத்திக்குத் தெரிந்தால் போதும், அடுத்த வாரமே என் அடுப்பு அணைந்துவிடும். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை.

கணவருக்குக் கலகெதரயில் கடை. அங்கே அவருக்குப் பழக்கமான ஒரு சிங்கள நாட்டுவைத்தியரிடம் கூட்டிப்போனார். பூசணி விதையை அரைத்து வெறும் வயிற்றில் குடிக்கச் சொன்னார் வைத்தியர், பிறகு பேதிக்கு ஒரு கசாயம். "போவதை வாளியில் பிடித்துப் பாருங்கள். குண்டூசித் தலையளவுதான் புழுவின் தலை. அது உள்ளே தங்கினால் மறுபடி வளரும்" என்று இரண்டு தரம் சொன்னார்.

முழம் முழமாகப் போனது. அருவருப்பில் கண்ணை மூடிக்கொண்டு நாலு வாளி தண்ணீர் ஊற்றினேன். தலையையா பார்ப்பேன்! மூன்று மாதத்தில் மறுபடி அதே வெள்ளைத் துண்டு.

வைத்தியர் என்னை ஏசவில்லை. "விதை எல்லாருக்கும் முழுசாகக் கேட்காது. ஆஸ்பத்திரியில் இதற்கு நல்ல குளிசை இருக்கிறது, போங்கள்" என்றார். தன் மருந்தை விட்டுக்கொடுத்துப் பேசிய அந்த மனிதரில் எனக்கு இன்றும் மரியாதை.

ஊரில் காட்டினால் தெரிந்துவிடும் என்று கண்டிக்குப் போனேன். அங்கே முக்காடு போட்ட இளம் டாக்டர் ஒருத்தி. என்ன வேலை என்று கேட்டாள், சொன்னேன். அவள் முகம் மலர்ந்தது.

"அக்குறணையா? நோன்புக்கு எங்கட வீட்டுக்கு ஒங்கட கபாப்தான் வார!"

எனக்கு உயிர் போய்விட்டது. அவளோ சாதாரணமாகச் சொன்னாள்: "பயப்படாதீங்க ராத்தா. இந்தப் புழு ஒங்கட கையால கபாபுக்குப் போகாது. பச்சை மாட்டிறைச்சியாலதான் வார. நல்லா வெந்தா செத்துப் போகும். இனிப் பச்சையா வாயில வெக்க வாணாம்."

பயம் போய்க் கோபம் வந்தது. "அப்ப உப்பு எப்படிப் பார்க்கிற? உப்புத் தெரியாம ஒரு கபாபா?"

அவள் சிரித்தாள். "நோன்புல எப்படிப் பார்க்கிறீங்க?"

நோன்பு மாதம் முழுக்க அஸர் தொழுகைக்கும், நோன்பு திறக்கும் மஃரிபுக்கும் இடையில் நூறு நூறாகப் பிசைகிறேன். நாக்கு நுனியில் வைத்துத் துப்பலாம் என்பார்கள், நான் அதைக்கூடச் செய்வதில்லை. உப்புக் குறைந்தது என்று ஒரு வீடாவது சொன்னதுண்டா? என் கைக்கு எப்போதோ தெரிந்ததை, மற்றப் பதினொரு மாதமும் என் வாய் சும்மா தின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

அங்கேயே குளிசை விழுங்கினேன். மூன்று மாதம் கழித்து மலப் பரிசோதனை அறிக்கையோடு போனேன். அவள் வாசித்துவிட்டு, "ஒண்டுமில்ல, சுத்தம்" என்றாள். பேனாவை வைத்துவிட்டுச் சொன்னாள்: "வாற மாசம் எங்கட தங்கச்சிட கல்யாணம். நானூறு கபாப் செஞ்சு தருவீங்களா, ராத்தா?"

என் வயிற்றுக்குள் இருந்தது தெரிந்த ஒரே பெண் அவள்தான். அவளே கேட்கிறாள். கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் இல்லை.

நானூறையும் ஒரு கிள்ளுகூட வாயில் வைக்காமல் பிசைந்தேன். உப்புச் சரியாக இருந்தது.