வாசலில் வைக்கும் பை

மார்கழி முதல் ஞாயிறு. மறைக்கல்வி வகுப்பு முடிந்து மகளைக் கூட்டிவரப் போனபோது ரீச்சர் என்னைத் தனியே அழைத்தார். நத்தாருக்கு வீட்டில் என்ன செய்வீர்கள் என்று பிள்ளைகளைக் கேட்டாராம். குடில் கட்டுவோம், கேக் சாப்பிடுவோம் என்றார்களாம் மற்றவர்கள்.

“உங்கட மகள் மட்டும், ‘நாங்க வாசல்ல பேக்கு வைப்பம்’ எண்டு சொல்றா. அது என்ன பேக்கு புள்ள?”

“அது சும்மா, பழைய பேக்கு ரீச்சர்” என்றேன். கோயில் வளவுக்குள் நின்று பொய் சொன்னது வீடுவரை உறுத்தியது.

கடல் ஊருக்குள் வந்தபோது இந்த மகள் என் வயிற்றில் ஐந்து மாதம். நத்தாருக்கு மறுநாள் காலை, உடுத்த உடுப்போடு ஓடினோம். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், என் உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு எல்லாம் போயின. அவற்றை மறுபடி எடுக்கக் கந்தோர் கந்தோராக அலைந்தேன். அதன்பின் ஒவ்வொரு நத்தார் மாலையிலும் ஒரு நீலப் பையில் பத்திரங்கள், பிள்ளைகளின் உடுப்பு, தண்ணீர்ப் போத்தல், ஒரு பிஸ்கட் பக்கெட் எல்லாம் அடுக்கி வாசலோடு வைப்பேன். மறுநாள் மத்தியானம்வரை அது அங்கேயே இருக்கும்.

யுத்த காலத்தில் அது யாருக்கும் புதினமாகப் படவில்லை. பல வீடுகளில் வருடம் முழுக்க அப்படி ஒரு பை இருந்தது. யுத்தம் முடிந்து இது இரண்டாவது நத்தார். மற்றவர்கள் பையை அவிழ்த்துவிட்டார்கள். நான் மட்டும் என் பயத்தை ஒரு நத்தார் வழக்கமாகவே பிள்ளைக்குப் பழக்கிவிட்டேனா?

“இந்த முறை பேக்கு இல்ல” என்று கணவரிடம் சொன்னேன்.

“நல்லம். ஆனா உங்களால வைக்காம இரிக்க ஏலுமா?”

“ஏலும்.”

“பாப்பமே, பரீட்சைய!”

பைக்குப் பதிலாகப் பிள்ளைகளுக்கு வேறு வேலைகள் கொடுத்தேன். முன்வீட்டில் கட்டட வேலை நடந்தது. அங்கே கிடந்த சீமெந்துப் பைகளைக் கேட்டு வாங்கிக் கசக்கி, கரி பூசி, குடிலுக்குக் குகை செய்தோம். ஈர்க்கிலும் கலர்த் தாளும் நட்சத்திரமாயின. குடிலைச் சுற்றிப் பச்சை வேண்டுமென்று பால் ரின்களில் மண் நிரப்பி நெல் போட்டோம். ஐந்து நாளாகியும் ஒன்றும் முளைக்கவில்லை. மகள் விடிந்ததும் ரின்னைத்தான் போய்ப் பார்ப்பாள். மண் பிழையா, நான் தண்ணீரைக் கூடுதலாக ஊற்றிவிட்டேனா என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன்.

வாவிக்கு அக்கரையிலிருந்து எங்களுக்குப் பால் தரும் வவுணதீவு அண்ணன் ஒரு நெல்லைக் கிளறி எடுத்துப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

“படிச்ச புள்ள, அவிச்ச நெல்லயெல்லோ விதைச்சிரிக்கிறீங்க! இது சோத்துப் பானைக்கு மட்டுந்தான் சரி.”

குத்தக் கொடுப்பதற்காக அவித்துக் காயவைத்த நெல்லைத்தான் அள்ளிப் போட்டிருக்கிறேன். அடுத்த நாள் பால் போத்தலோடு ஒரு பிடி விதைநெல்லும் வந்தது. நத்தாருக்கு இரண்டு நாள் இருக்கும்போது ரின் முழுக்கப் பச்சை.

நத்தார் மாலை, அலுமாரிக்கு மேலே இருந்த நீலப் பையைப் பாராமலே மூன்று தரம் அந்தப் பக்கம் போய்வந்தேன்.

“அம்மா, பேக்கு?” என்றாள் மகள்.

“இந்த முறை வேணாம் மகள்.”

அவள் அழத் தொடங்கினாள். பயந்துதான் அழுகிறாள் என்று நினைத்தேன். மடியில் இருத்தி, “கடல் வராது மகள்” என்றேன்.

“கடல் இல்லம்மா! பேக்கு இல்லாட்டி நாளைக்கு என்னத்தத் திறக்கிற? பேக்கத் திறந்து, எல்லாரும் வாசல்ல இருந்து பிஸ்கட் திம்பம்தானே. மறுகா நீங்க நல்லாச் சிரிப்பீங்க.”

உண்மைதான். ஒவ்வொரு வருடமும் அந்தப் பகல் கழிந்ததும் எனக்கு மூச்சு வரும். பிஸ்கட் வீணாகக் கூடாதென்று பக்கெட்டை உடைத்து, வாசல்படியில் இருந்து எல்லோருக்கும் கொடுப்பேன். நிம்மதியில் எதற்கெடுத்தாலும் சிரிப்பேன். நான் கடலுக்காகக் கட்டிய பையில் அவள் பிஸ்கட்டை மட்டுமே கண்டிருக்கிறாள். என் பயம் அவளைத் தொடவே இல்லை.

“அப்ப பரீட்சை?” என்றார் கணவர், பையை இறக்கித் தந்தபடி.

“வினாத்தாள் மாறிட்டுது” என்றேன்.

பத்திரங்களை எடுத்து அலுமாரிக்குள் வைத்தேன். தண்ணீர்ப் போத்தலை எடுத்தேன், திரும்ப வைத்தேன். வெயிலுக்குக் குடிக்கலாம்தானே. மகள் முறுக்கும் கொக்கிசும் அடுக்கி, மேலே பிஸ்கட் பக்கெட்டை வைத்தாள். இரண்டு வயது மகன் தன் ஒற்றைச் சப்பாத்தைப் போட்டான். பை வாசலோடு இருந்தது.

மறுநாள் காலை கோயிலில் இறந்தவர்களுக்கு மெழுகுதிரி ஏற்றிவிட்டு, பையையும் எடுத்துக்கொண்டு, கணவரின் ஓட்டோவில் விதைநெல் தந்த அண்ணன் வீட்டுக்கு வவுணதீவுக்குப் புறப்பட்டோம். அந்த நாளில் நான் தண்ணீரைக் கடந்ததே இல்லை. வாவிப் பாலத்தில் ஏறும்போது அலுமாரியைப் பூட்டினேனா என்று ஒரு யோசனை வந்தது. திருப்பச் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் தண்ணீர் பளபளத்தது. நான் பார்த்துக்கொண்டே போனேன்.

“என்ன, முளைச்சதா?” என்று வாசலில் நின்றே கேட்டார் பால்கார அண்ணன்.

“பச்சைப் பசேலெண்டு!” மகள் கத்தினாள்.

“அப்ப அம்மா பாஸ்!”

அவர் வீட்டு வாசலில் எல்லோரும் இருந்து பையைத் திறந்தோம்.

அடுத்த ஞாயிறு நானே ரீச்சரைத் தேடிப் போனேன். “அண்டைக்குக் கேட்டீங்களே ரீச்சர், அது எங்கட வீட்டு நத்தார் பேக்கு” என்றேன்.