அன்ரனின் காரில் நான் வென்ற ஓட்டம்

பேய், பிசாசு என்று யாராவது கதை தொடங்கினால் தேத்தண்ணி போட எழும்பிப்போகிற ஆள் நான். அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தாலும் கோபமில்லை. ஆனால் இது பட்டப்பகலில், அவ்வளவு சனம் பார்த்திருக்க நடந்தது.

இந்தக் குளிர் நாட்டில், ஹோர்சன்ஸ் என்ற ஊரில், ஒரு பொருள் கிடங்கில் போர்க்லிப்ட் ஓட்டுகிறேன். ஞாயிறு வந்தால் பழைய கார்ப் பந்தயம். மண் தடத்தில், கண்ணாடி கழற்றிய கார்களில், ஆளை ஆள் இடித்துத் தள்ளிக்கொண்டு ஓட வேண்டும். ஆறு வருடம் ஓடியும் எனக்கு ஒரு கோப்பை இல்லை. கூட வேலை செய்யும் அன்ரனை அங்கே கூட்டிப்போனதே நான்தான். மன்னார்ப் பெடியன், முதல் வருடமே நாலு கோப்பை! எனக்கு வயிறு எரிந்தது, மறைக்க என்ன இருக்கிறது? அங்கே கைதட்டிவிட்டு வீட்டுக்கு வந்து மனைவிமேல் எரிந்து விழுவேன்.

அவனிடம் ஒன்றுமில்லை, கார்தான் நல்ல கார் என்று நினைத்தேன். எங்கள் பந்தயத்தில் ஒரு விதி உண்டு. ஓட்டம் முடிந்ததும் யாருடைய காரையும் குறித்த விலைக்குக் கேட்டு எழுதிக் கொடுக்கலாம், சொந்தக்காரர் மறுக்க முடியாது. அன்ரனின் காரைக் கேட்டு எழுதிக் கொடுத்தேன். அன்ரனின் முகம் செத்துப்போயிற்று.

"என்னட்டை வாய்விட்டுக் கேட்டிருக்கலாமே அண்ணை" என்றான், அவ்வளவுதான்.

அடுத்த ஓட்டத்தில் அவன் காரில்லாமல் வேலிக்கு வெளியே நின்றான். தொடக்கக் கொடி விழுந்தது, மிதித்தேன். பிறகு, நம்பினால் நம்புங்கள், முடிவுக் கொடிதான் நினைவிருக்கிறது. இடையில் ஒரு வளைவுகூட ஞாபகமில்லை. முதலாவதாக வந்திருந்தேன்.

மனைவி ஓடி வந்தாள். "இஞ்சருங்கோ, அன்ரனுக்கு என்னவோ. நீங்கள் ஓடின நேரம் முழுக்க வேலியைப் பிடிச்சுக்கொண்டு கண்ணை மூடி நிண்டவர். கூப்பிட்டும் கேக்கேல்லை."

அவள் சொல்லி முடிக்க அவனே வந்தான். அந்தக் குளிரில் வேர்த்து ஒழுகிக்கொண்டிருந்தான். என் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"கிளச் இப்ப நல்ல லேசா இருக்குது அண்ணை. வயர் மாத்தினனீங்களோ?"

ஓட்டத்துக்கு முதல் நாள்தான், தனியாக இருந்து மாற்றியிருந்தேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. கார் கைமாறிய பிறகு அவன் அதைத் தொட்டதே இல்லை.

அடுத்த கிழமையே காரை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டேன். கோப்பை வீட்டில் இருக்கிறது. வருகிறவர்கள் அந்த ஓட்டத்தைப் பற்றிக் கேட்டால் நான் வாய் திறப்பதில்லை. அன்ரன் பக்கத்தில் இருந்தால் அவன் சொல்வான், எந்த வளைவில் சில்லு வழுக்கியது, எவன் இடித்தான், ஸ்டியரிங் எப்படித் துள்ளியது என்று. சொல்லும்போது அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

பயமில்லையா என்கிறீர்கள். பயம்தான். ஆனால் பயத்தைவிட வயிற்றெரிச்சல்தான் கூட. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை வென்றேன், அந்த நேரம் பார்த்து நான் அங்கே இல்லை.