ஏழாம் நம்பர் பள்ளத்து மரங்கள்

வெயில் ஏறிய பிறகும் ஏழாம் நம்பர் மலையின் பள்ளத்து மண் வெறுங்காலுக்குச் சில்லென்றே இருக்கும். தேயிலைக்கு நிழலாக நட்டு, நாங்கள் ‘சவுக்கு’ என்று சொல்லிவந்த மரங்கள் அங்கே ஓடைக்கரை வரை அடர்ந்து நின்றன. கந்தப்பளைக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்தில், ஐம்பதுகளின் தொடக்கத்தில், எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாரிடமும் செருப்பு இருந்ததில்லை. எந்த இடத்து மண் எப்படி இருக்கும் என்பதைக் காலே சொல்லிவிடும்.

அந்த வருடங்களில் தேயிலைத் தளிரில் கொப்புள நோய் பரவிக்கொண்டிருந்தது. ஈரமும் நிழலும்தான் அதை வளர்க்கின்றன, வெயில் விழுந்தால் அடங்கும் என்று தோட்டத்துத் துரை மரங்களைக் குறைக்கச் சொன்னார். மேட்டில் ஒன்று விட்டு ஒன்று வெட்ட வேண்டும், பள்ளத்தைத் தொடக் கூடாது என்பது உத்தரவு. பள்ளத்தையும் வெட்டச் சொன்னது எங்கள் ஆட்கள்தான். கிளைகள் லயத்துக்கு விறகாகும் என்பது ஒன்று. அங்கே கொழுந்தெடுக்கிற பெண்கள்மேல் மத்தியானம் வரை நீர் சொட்டிக்கொண்டே இருந்தது மற்றொன்று.

“கணக்கப்பிள்ளை ஐயா, இடுப்புல கட்டுன சாக்குப் படங்கு காஞ்சு நாங்க பாத்ததே இல்லீங்க. அந்த மரத்தையும் சாச்சுட்டா ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்” என்று அம்மா கேட்டாள். மற்றப் பெண்களும் சேர்ந்து நாலு நாள் நச்சரித்த பிறகு அவர் துரையிடம் பேசி அனுமதி வாங்கினார். கோடரி அப்பாவின் கைக்கு வந்தது. அவர் எதையும் நிதானமாகச் செய்கிறவர். “என்னா மச்சான், மரத்த வெட்டுறீங்களா, முதுகு சொறிஞ்சு விடுறீங்களா?” என்று சித்தி கேட்க, கூடையோடு நின்ற பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

அக்கா பாக்கியத்துக்கு அப்போதுதான் தோட்டத்தில் ‘பேர் பதிந்திருந்தது’. பேர் பதிந்தால்தான் நிலையான வேலை. பதியாத பெண்பிள்ளைகளைக் கொழும்பு வீடுகளுக்கு வேலைக்கு அனுப்புவது வழக்கம். அதற்குப் பயந்து அம்மா இரண்டு வருடம் கங்காணி வாசலுக்கு நடந்து வாங்கிய பேர் அது.

மரம் போனதும் கொப்புளம் குறைந்தது உண்மைதான். ஒன்பது மணிக்கே இலை காய்ந்தது, பெண்களுக்குச் சந்தோஷம். தை பிறந்தபோது, மத்தியானம் கால் பொசுக்கிய அதே மண் விடியலில் உப்புக் கொட்டியது போல உறைபனியில் வெளுத்துக் கிடந்தது. பகலில் மண் வாங்கிய சூட்டை முன்பு மரங்கள் கம்பளி போல மூடி வைத்திருந்தன; இப்போது அது வானத்துக்குப் போய்விட, மேட்டுக் குளிர் தண்ணீர் மாதிரி இறங்கிப் பள்ளத்தில் தேங்கியது. இந்த விளக்கமெல்லாம் பிற்பாடு லாரிகளில் தொற்றி ஊர் ஊராகச் சுற்றியபோது நானாகச் சேர்த்துக்கொண்டது. அன்று கண்டதெல்லாம், வெயில் பட்டதும் பள்ளத்துத் தேயிலை முழுவதும் வெந்நீர் ஊற்றினாற்போலக் கருகியது மட்டும்தான்.

எடுக்கக் கொழுந்து இல்லை. “புதுப் பேருங்க கொஞ்ச நாளைக்கு வேலைக்கு வராம நில்லுங்க, தளிர் வரட்டும் பாப்போம்” என்றார் கணக்கப்பிள்ளை. அம்மா வாதாடப் போனாள். “வெட்டச் சொல்லிக் கேட்டது நீங்கதானே தாயி?” என்று அவர் கேட்டதும் லயத்துக்குத் திரும்பிவிட்டாள். இரண்டு வாரத்தில் அக்கா ஒரு துணி மூட்டையோடு நானுஓயாவில் கொழும்பு ரயில் ஏறினாள். வழிக்குக் கட்டிய சோறு அந்தச் சவுக்கு விறகில்தான் வெந்தது.

அடுத்த வருடம் தோட்டத்தார் பள்ளத்தில் மறுபடி கன்று நட்டார்கள். கொழும்புக்குப் போனபோது அக்காவிடம் அதைச் சொன்னேன். அவள் இடுப்பில் அந்த வீட்டுக் குழந்தை இருந்தது.

“நெழல் விழ எத்தன வருசமாகும்?”

“ஏழெட்டு வருசம்னு அப்பா சொல்றாரு.”

“அதுக்குள்ள இதுவும் வளந்துரும். நான் வந்துர்றேன்னு அம்மாகிட்ட சொல்லு.”

மரங்கள் வளர்ந்தன, நிழலும் விழுந்தது. போன வருடம் அந்தப் பக்கம் போயிருந்தேன். அவையும் இல்லை, தேயிலையும் இல்லை, ஓடை வரைக்கும் லீக்ஸும் கோவாவும் என்று காய்கறி போட்டிருக்கிறார்கள். அக்கா திரும்பி வரவில்லை. அந்தக் குழந்தை வளர்ந்தது, அதற்குக் கல்யாணமும் ஆனது. அதன் பிள்ளைகளையும் அவள்தான் வளர்த்தாள்.